ஆப்டிமிஸ்ட் படகின் பாயில் விழும் மடிப்பு

கே: ஹைதராபாத் ஹுசேன் சாகரில் என் 10 வயது மகள் சிறுவர்களுக்கான சிறிய பாய்மரப் படகான ஆப்டிமிஸ்ட் ஓட்டப் பழகுகிறாள். காற்று கூடினால் பாயில் குறுக்கே மடிப்பு விழுகிறது. பாயை மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம். முதலில் மடிப்பு எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். பாய்மரத்தின் உச்சியை ஒட்டிய மூலையிலிருந்து பூமின் (பாயின் அடியோரத்தில் கிடையாக இருக்கும் கம்பு) பின்முனை வரை ஓடினால், பாயைச் சாய்வாகத் தாங்கும் ஸ்ப்ரிட் கம்பு தளர்ந்திருக்கிறது. காற்று பலமாகும்போது வருவது பெரும்பாலும் இதுதான். படகைக் காற்றுக்கு நேரே திருப்பி, பாய் படபடக்கும்போது ஸ்ப்ரிட் கயிற்றை மடிப்பு மறையும் வரை இழுக்கச் சொல்லுங்கள். காற்று நிறைந்த பாயோடு இழுத்தால் சின்னக் கைகளுக்குப் பலம் போதாது. ஸ்ப்ரிட்டின் மேல்முனையிலிருந்து பூமும் பாய்மரமும் சேரும் இடத்துக்கு மடிப்பு ஓடினால் இறுக்கம் அதிகம், கொஞ்சம் விடவும். பாயைக் கட்டும் சிறு கயிறுகளையும் பாருங்கள். பாய்க்கும் மரத்துக்கும் 10 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தால் போட்டி விதிக்குப் புறம்பு.

கே: காற்று குறைந்தால் அவள் படகு மட்டும் பின்தங்குகிறதே?

ப: பின்னால் உட்காருகிறாள் போலும். படகின் எடையே 35 கிலோதான், அதனால் பிள்ளையின் எடை எங்கே விழுகிறது என்பது மிக முக்கியம். பின்னால் உட்கார்ந்தால் படகின் பின்பலகை தண்ணீரில் அமிழ்ந்து வேகத்தைக் குறைக்கும். நடுப்பலகையை ஒட்டி முன்னால் நகர்ந்து, படகைப் பாய் இருக்கும் பக்கம் லேசாகச் சாய்த்து ஓட்டட்டும். உள்ளே தேங்கும் தண்ணீரையும் அவ்வப்போது இறைத்துவிட வேண்டும்.