ஐந்து வயதுக் குழந்தைக்கு இரவில் சொல்ல, பர்மாவின் பழைய கதைகளில் எவை பொருத்தம்?

முயல் கதைகளிலிருந்து ஆரம்பியுங்கள். பர்மிய நாட்டுப்புறக் கதைகளில் முயல்தான் புத்திசாலி. மற்ற விலங்குகளுக்குள் வழக்கு வந்தால் தீர்ப்புச் சொல்வதும் பெரும்பாலும் அதுதான். சின்னக் குழந்தைகளுக்கு அதை உடனே பிடித்துப்போகும்.

எங்கள் வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது ஜலதோஷக் கதை. சிங்கராஜாவுக்குக் கரடி, குரங்கு, முயல் என்று மூன்று மந்திரிகள். ஒருநாள் அவர்களையே தின்றுவிட ராஜாவுக்கு ஆசை. காரணம் வேண்டுமே! வாயை அகலத் திறந்து, "என் மூச்சு எப்படி மணக்கிறது?" என்று கேட்கிறது. "நாறுகிறது" என்ற கரடி ராஜதுரோகி, அதைக் கொன்றுவிடுகிறது. "ஆகா, வாசனைத் திரவியம் போல!" என்ற குரங்கு பொய்யன், அதற்கும் அதே கதி. முயல் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மகாராஜா, எனக்குக் கடுமையான ஜலதோஷம். வீட்டுக்குப் போய்ச் சரியானதும் வந்து மோந்து பார்த்துச் சொல்கிறேனே" என்கிறது. போனது போனதுதான், திரும்பவே இல்லை. முயல் பேசும் இடத்தில் நீங்களும் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். கரடியும் குரங்கும் சாவதைச் சிலர் மறைத்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முயல் எதிலிருந்து தப்பியது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?

அடுத்தது பொன் காக்கை. ஏழை விதவையின் மகள் வெயிலில் காயும் நெல்லுக்குக் காவல் இருக்கிறாள். காக்கை வந்து அத்தனையும் தின்றுவிடுகிறது. அவள் அழ, "ஊருக்கு வெளியே இருக்கும் புளியமரத்துக்கு வா, ஈடு தருகிறேன்" என்கிறது. மரத்தின் மேலிருந்து, தங்க ஏணி வேண்டுமா, வெள்ளி ஏணியா, பித்தளையா என்று கேட்கிறது. அவள் பித்தளை போதும் என்கிறாள், இறங்குவதோ தங்க ஏணி. கடைசியில் அவள் எடுத்துப்போகும் மிகச் சின்னப் பெட்டிக்குள் மாணிக்கக் கற்கள்! அதே ஊரின் பேராசைக்கார விதவை ஒருத்தி தன் மகளையும் அதேபோல் அனுப்புகிறாள், அந்தப் பெண் கேட்டு வாங்கிய பெரிய பெட்டியில் பாம்பு. ஏணி, சாப்பாட்டுத் தட்டு, பெட்டி என்று மூன்று முறை அதே கேள்வி வருவதால், இரண்டாம் முறையே குழந்தை முந்திக்கொண்டு பதில் சொல்லும். சொல்ல விடுங்கள்.

பௌர்ணமி அன்று நிலாக் கிழவரைச் சொல்லலாம். கிழவர் நெல் குத்துகிறார், பக்கத்தில் முயல் தவிடு தின்கிறது. நிலாவில் தெரியும் கறை அதுதானாம். புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளிலும் நிலாவில் முயல் உண்டு. நாமும் அதை முயல்கறை என்றுதானே சொல்கிறோம்? மொட்டைமாடிக்குக் கூட்டிப்போய்க் காட்டிச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

இந்தக் கதைகளில் பலவற்றைக் கிராமத்து மக்கள் வாய்மொழியாகக் கேட்டுத் தொகுத்தவர் ரங்கூன் பல்கலைக்கழகத்தின் மௌங் டின் ஆங். 1948இல் அந்தத் தொகுப்பு வந்தது. அவர் இந்த வேலையைச் செய்திருக்காவிட்டால் நம்மைப் போன்ற வெளியாட்களுக்கு இவற்றில் பாதிகூடக் கிடைத்திருக்காது.

நட் என்னும் காவல் தெய்வங்களின் கதைகளை மட்டும் இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். போப்பா மலையின் மகாகிரி நட் கதையில், ஒரு கொல்லனை அரசன் மரத்தில் கட்டி உயிரோடு எரிக்கிறான். தங்கையும் தீயில் பாய்கிறாள். அபாரமான கதைதான், ஆனால் பத்து வயதாவது ஆகட்டும்.