ஸ்கூல் லீவு சரி, ஆபீஸ் லீவு எங்கே?
வாசகர் கேள்வி – பதில்

இருவரும் வேலைக்குப் போகிறோம். வாரம் ஐந்து நாள் ஆபீஸ். பையனுக்கு 8 வயது, பெண்ணுக்கு 4. ஆறு வாரக் கோடை விடுமுறையை எப்படித்தான் ஓட்டுவது? பாட்டி வீடு திருநெல்வேலியில். ஆளுக்கு வருடம் 12 நாள்தான் கேஷுவல் லீவு.
– வாசகி, சென்னை

‘ஆறு வாரம்’ என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். ஆபீஸ் நாட்களை மட்டும் எண்ணுங்கள்: 30. இதில் பாட்டி வீட்டில் இரண்டு வாரம் என்றால் பத்து நாள் கழிந்தது. மீதி 20.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். கணவனும் மனைவியும் ஒரே நாட்களில் லீவு போட்டு, மே முதல் வாரத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிடுகிறார்கள். ஊர் சுற்றப் போவது என்றால் சரி. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள என்றால் ஒரு நாளைக்கு ஒருவர் போதும். ஆளுக்கு ஐந்து, வேறு வேறு தேதிகளில் போட்டால் பத்து நாள் வரும். அந்தப் பத்தில் ஐந்தை அக்கம்பக்கத்தில் இதே அவஸ்தையில் இருக்கும் இரண்டு குடும்பங்களுடன் கூட்டுக்கு விடுங்கள். உங்கள் ஐந்து நாளில் மூன்று வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் வீட்டில். அவர்களின் ஐந்தைந்து நாளில் உங்கள் பிள்ளைகள் அவர்கள் வீட்டில். ஐந்து நாள் கொடுத்துப் பதினைந்து நாள் வாங்குகிறீர்கள். பாட்டி 10, கூட்டு 15, சொந்த லீவு 5. கணக்கு முடிந்தது. காலாண்டு, அரையாண்டு விடுமுறைக்கும் காய்ச்சல் நாட்களுக்கும் இருவரிடமும் ஏழேழு நாள் மிஞ்சும்.

கூட்டு உடைவது பெரும்பாலும் சில்லறை விஷயங்களில்தான். யார் வீட்டில் இருந்தாலும் சாப்பாடு அவரவர் டப்பாவில் வரட்டும். மாலை எத்தனை மணிக்கு அழைத்துப் போவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். தினமும் அரை மணி தாமதித்தால் மூன்றாம் நாள் முகம் சுளிக்கும். மொட்டை மாடிக் கதவும் சம்ப் மூடியும் பூட்டியிருக்க வேண்டும். ஒரு பெரியவருக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

சம்மர் கேம்ப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள். பெரும்பாலானவை காலையில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நீங்கள் வீட்டை விட்டு வெளியே இருப்பதோ பத்து மணி நேரம். பன்னிரண்டரைக்குப் பிள்ளையை அழைத்து வர யார் இருக்கிறார்? அந்தக் கேள்விக்குப் பதில் இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள். கட்டணத்தையும் மணிக்கணக்கில் பாருங்கள்: பத்து நாளைக்கு 4,000 ரூபாய் என்றால் 25 மணி நேரம்தான், மணிக்கு 160 ரூபாய். கூட்டு அமையாவிட்டால் முழுநாள் டே-கேர்தான் வழி. நான்கு வயதுப் பெண்ணுக்கு அது பொருந்தும். மார்ச்சிலேயே இடம் கேட்டு, லீவுக்கு முன் இரண்டு அரைநாள் விட்டுப் பழக்குங்கள். எட்டு வயதுக்காரன் அங்கே இரண்டாம் நாளே சலித்துப்போவான்.

ரயில் டிக்கெட்டை மறந்துவிடாதீர்கள். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே 1 பயணத்துக்கு மார்ச் 2, காலை 8 மணி. மே 17 திரும்பி வருவதற்கு மார்ச் 18. போகிற டிக்கெட்டை எடுத்துவிட்டு வருகிற டிக்கெட்டைத் தள்ளிப்போட்டால் தத்கால்தான் கதி. ஐந்து வயது நிறையாத பெண்ணுக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். பையனுக்குப் பெர்த் வேண்டுமென்றால் முழுக் கட்டணம்.

பாட்டியிடம் அனுப்பும்போது காய்ச்சல் மருந்து பாட்டிலின் மேலேயே டாக்டர் சொன்ன அளவை எழுதி ஒட்டுங்கள். பாராசிட்டமால் சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராமும் உண்டு, 250-ம் உண்டு. ஊர்க் கடையில் வேறு பாட்டில் வாங்கி அதே மூடியளவு ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும்.

காலை எட்டேகாலுக்குக் கிளம்புகிறேன். பிள்ளைகளுடன் அவர்களின் பெரியப்பா இருக்கிறார், ஆனால் அடுப்புப் பக்கம் போகமாட்டார். மதியச் சாப்பாடு ஒரு மணிக்குள் ஊசிப்போகிறது.
– வாசகி, மதுரை

ஹாட் பாக்ஸில் வெதுவெதுப்பாக அடைப்பதுதான் காரணமாக இருக்கும். ஐந்து மணி நேரம் இளஞ்சூட்டில் இருக்கும் சோறு கெட்டுப்போகாமல் என்ன செய்யும்? கொதிக்கக் கொதிக்க அடையுங்கள். இல்லையென்றால் ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். தேங்காய் அரைத்த கூட்டு, சட்னி, பருப்பு மசியல் மே மாதத்துக்கு ஆகாது. புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, தக்காளித் தொக்கு தாங்கும்.

தயிர்சாதத்தைத் தயிரில் பிசையாதீர்கள். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து மசித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சி ஆறிய பால் இரண்டு டம்ளர், தயிர் இரண்டு ஸ்பூன் சேருங்கள். எட்டு மணிக்குக் கலந்தால் ஒரு மணிக்குப் பதமாகத் தோய்ந்திருக்கும், புளிக்காது. கொதிக்கும் சோற்றில் தயிரை விட்டால் உறை செத்துப்போகும். அப்புறம் பால் சாதம்தான், அதுவும் கெடும். வெங்காயம், வெள்ளரிக்காய் கலக்க வேண்டாம், நீர்த்துவிடும்.

எந்த வயதிலிருந்து பிள்ளையைத் தனியே வீட்டில் விடலாம்? மகளுக்கு 12.
– வாசகர், கோவை

நம் சட்டத்தில் இத்தனை வயது என்று வரையறை இல்லை. வயதைவிடப் பழக்கம் முக்கியம். விடுமுறைக்கு முன்பே அரை மணி, பிறகு இரண்டு மணி, பிறகு அரை நாள் என்று விட்டுப் பாருங்கள். முழு நாள் தனிமை 12 வயதுக்கு அதிகம் என்பது எங்கள் கருத்து. மதியம் ஒருமுறையாவது ஒரு பெரியவர் எட்டிப் பார்க்கட்டும்.

கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள். வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போகவே கூடாது. தீ பிடித்தால் ஓட வழியில்லை. வெளியிலிருந்தும் சாவியால் திறக்க முடிகிற பூட்டை உள்ளேயிருந்து போட்டுக்கொள்ளட்டும், மாற்றுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். குளியலறைத் தாழ்ப்பாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும் ரகமென்றால் அதை முதலில் மாற்றுங்கள். ஃப்ரிட்ஜ் கதவில் உங்கள் எண், பக்கத்து வீட்டு எண், அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, கேஸ் கசிவுக்கு 1906 ஆகியவற்றைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மொபைலில் மட்டும் இருந்தால் சார்ஜ் போன நேரத்தில் பயனில்லை.

மத்திய அரசு ஊழியை நான். விடுமுறைக்காகக் குழந்தை பராமரிப்பு விடுப்பு எடுக்கலாமா?
– வாசகி, திருச்சி

விண்ணப்பிக்கலாம். 18 வயதுக்குட்பட்ட முதல் இரண்டு குழந்தைகளுக்காகப் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், அடுத்த 365-க்கு 80 சதவீதம். ஒரு தடவைக்குக் குறைந்தது ஐந்து நாள்; ஆண்டுக்கு மூன்று தடவை, தனித்து வாழும் தாய்க்கு ஆறு. உரிமையாகக் கேட்க முடியாது, அதிகாரி அனுமதிக்க வேண்டும். மே மாதத்தில் பிரிவே காலியாகும் என்பதால், சக ஊழியர்களுக்கு முன் ஏப்ரல் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள்.