அம்மாவின் அறிக்கையில் ‘லுக்கோசிட்டோஸ்’: லுக்கேமியா என்று பயப்படுபவருக்கு

வணக்கம் சகோதரி. மொரீஷியஸின் ரோஸ்ஹில்லில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் அம்மாவுக்கு ‘லுக்கோசிட்டோஸ்’, வெள்ளையணு 12,800 என்று வந்திருப்பதாகவும், அது லுக்கேமியா என்னும் ரத்தப் புற்றுநோய்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். டாக்டர் கிரியோலில் பேசுகிறார், காகிதம் பிரெஞ்சில் வருகிறது, பயம் மட்டும் நமக்குத் தமிழில்!

இரண்டு சொற்களுக்கும் தலை ஒன்று, வால் வேறு. கிரேக்கத்தில் ‘லெவ்கோஸ்’ என்றால் வெள்ளை, ‘கீட்டோஸ்’ என்றால் கலம், ‘ஹைமா’ என்றால் ரத்தம். முதல் சொல் வெள்ளையணுக்கள் கூடியிருக்கின்றன என்பதோடு நின்றுவிடுகிறது. லுக்கேமியாவோ, ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ 1847இல் ஒரு நோய்க்கு வைத்த பெயர்.

பெரியவர்களுக்கு மைக்ரோலிட்டருக்கு ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை இயல்பு. அம்மாவுக்குக் கடைவாய்ப்பல் சீழ்பிடித்துக் கன்னம் வீங்கியிருப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றே இந்த அளவுக்கு ஏற்றிவிடும். ஸ்டீராய்டு மாத்திரையும் ஏற்றும்.

அதே காகிதத்தில் ‘பிளாஸ்ட்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். கிரேக்கத்தில் முளை என்று பொருள். முதிராத அணுக்களை அப்படிக் குறிப்பார்கள். இருந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் முதலில் பல்லைக் கவனியுங்கள், பிறகு மறுபடி எண்ணிக்கை பார்க்கச் சொல்லுங்கள். இடையில் காரணமின்றி எடை குறைந்தாலோ உடம்பில் கன்றிய திட்டுகள் தோன்றினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம்.