சித்திர ரீச்சர் பதில்கள்: கோடு மூடாத படம்

கேள்வி: வணக்கம் ரீச்சர். உயர்தரத்தில் சித்திரம் படிக்கிற என் மகள் ‘இளவரசி ககுயாவின் கதை’ என்ற யப்பானியக் காட்டூன் படத்தைப் போட்டுக் காட்டினாள். ‘தொத்தோரோ’ எடுத்த அதே ஜிப்லி நிறுவனத்தின் படமாம். ஆனால் கோடுகள் அறுந்து அறுந்து கிடக்கின்றன. மூலைகளை வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். காசோ நேரமோ போதாமல் பாதியில் நிறுத்திய படம்போல இருக்கிறது. இதை எப்படி ரசிப்பது?
– வாசகி, மானிப்பாய்

பதில்: முதலில் காசையும் நேரத்தையும் பார்த்துவிடுவோம். 2013இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு ஏறத்தாழ எட்டு வருடம் பிடித்தது. செலவு 500 கோடி யென் வரை போனதாகச் சொல்வார்கள். இயக்குநர் இசாவோ தகஹத்தாவுக்கு அப்போது 78 வயது. அதுவே அவருடைய கடைசிப் படம், 2018இல் காலமானார். பின்னணி ஓவியங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கசுவோ ஒகா. ‘தொத்தோரோ’வில் நீங்கள் பார்த்த பச்சை வயலும் பெரிய மரமும் அவருடைய பொறுப்பில் வந்தவைதான். தாளை அப்படி நிரப்பத் தெரிந்த கை இங்கே வேண்டுமென்றே வெள்ளையை விட்டிருக்கிறது.

வழக்கமான காட்டூனில் ஆளை ஒரே தடிப்பான கோட்டால் கீறி, உள்ளே சீராக நிறம் நிரப்புவார்கள். பின்னணியை வேறொருவர் தீட்டுவார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் படம் பிடிப்பார்கள். கணினி வந்த பிறகும் அந்தத் தோற்றம் பெரும்பாலும் மாறவில்லை. ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. ஓவியர் பென்சிலை எடுத்து விறுவிறென்று கீறிய முதல் படம். அதைத் துப்புரவாக்கி ஒற்றைக் கோடாக்கும்போது கையின் வேகம் போய்விடும். தகஹத்தா காப்பாற்ற நினைத்தது அந்த வேகத்தைத்தான். பாத்திரங்களை வடிவமைத்த ஒசாமு தனாபேயின் கோடு தடித்து, மெலிந்து, சில இடத்தில் இல்லாமலும் போய்த் திரைக்கு வருகிறது. இது லேசான வேலை இல்லை. கோடு மூடாவிட்டால் கணினியில் நிறம் வெளியே வழியும். அதனால் நிறத்துக்கு எல்லை காட்ட, திரையில் தெரியாத கோடுகளை வேறாகக் கீற வேண்டியிருக்கும்.

மகளிடம் சொல்லி, குழந்தை தவழுகிற இடத்தில் படத்தை நிறுத்தச் சொல்லுங்கள். மூங்கிலுக்குள் கிடைத்த அந்தப் பிள்ளை தவளையைப் பார்த்துத் தவழப் பழகுமே, அந்த இடம். கன்னத்தைப் பாருங்கள். கோடு மெல்ல வந்து, வந்த தடம் தெரியாமல் நின்றுவிடும். நிறம் ஓரம் வரை போகாமல் தாளிலேயே ஊறி நிற்கும். கன்னத்தின் மெதுமையை உங்கள் கண்தான் முடித்து வைக்கிறது. ஒரு முழு வட்டம் போட்டிருந்தால் அது பந்தாகியிருக்கும்.

அப்புறம் அந்த ஓட்டம். அந்தப் பிள்ளை வளர்ந்து மாளிகையில் இளவரசியாக இருக்கும்போது, பெயர் சூட்டு விழாவில் குடித்த ஆண்கள் தன்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்டு, அவள் மாளிகையை உடைத்துக்கொண்டு ஓடுவாள். பட்டாடைகள் ஒவ்வொன்றாக வழியில் கழன்று விழும். கோடு அதுவரை இருந்த கோடே இல்லை. கரிக்கட்டையை அழுத்தி இழுத்த மாதிரிக் கறுப்புக் கீறல்கள். முகம் எது, கூந்தல் எது என்று பிரிக்க முடியாது. மேலே நிலா. கோபத்தில் இருக்கிற பிள்ளைக்கு அழகான மூக்கு எதற்கு? (ஓடிப் போய் மலையில் அவள் சந்திப்பது ஒரு கரி சுடுகிறவரை. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் அதைக் கவனித்தேன், மனம் நிறைந்துவிட்டது.)

இந்தக் காட்சி என்னை இவ்வளவு தொடுவதற்குக் காரணம் இருக்கிறது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வகுப்பில் வர்ணப் பெட்டி இல்லை. பழைய தாள்களின் பின்பக்கத்தில் அடுப்புக்கரியால் கீறுவோம். ஒன்பதாம் ஆண்டுப் பெட்டை ஒருத்தி, அவிழ்த்துக்கொண்டு ஓடுகிற ஆடு ஒன்றைக் கீறிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு காலுக்கும் மூன்று நான்கு கோடு. “எது சரியான கோடோ அதை வைத்துக்கொண்டு மற்றதை அழி” என்றேன். அவளும் அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்து நான்கே நான்கு கால்களோடு கொண்டுவந்தாள். ஆடு ஓடுவதை நிறுத்திவிட்டது. நான் அதற்குப் பதினைந்து புள்ளி கூட்டிப் போட்டேன். அந்த மூன்று நான்கு கோட்டிலும்தான் ஓட்டம் இருந்தது என்று இப்போது அவளிடம் சொல்ல எனக்கு ஆசை. எங்கே இருக்கிறாளோ தெரியாது. உங்கள் மகளின் கொப்பியில் அப்படிக் கோடுகள் இருந்தால் அழிக்கச் சொல்லாதீர்கள்.

கேள்வி: யப்பானியக் காட்டூன் என்றால் பெரிய கண், கூர் நாடி, மினுங்கும் தலைமயிர் என்றே என் மகன் நினைக்கிறான். வேறு மாதிரிப் படங்கள் இருக்கின்றனவா?
– வாசகர், சாவகச்சேரி

பதில்: நிறையவே இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்க்க, அதே தகஹத்தாவின் ‘யமதா குடும்பம்’ (1999). பத்திரிகையில் வந்த நான்கு கட்டச் சிரிப்புப்படத்தை நீர்வர்ணத்தில் அசைய விட்டிருக்கிறார். ஜிப்லி முழுக்கக் கணினியில் நிறம் தீட்டிய முதல் படமும் அதுதான். வீட்டைக் காட்டச் சுவர்கூட முழுதாக இல்லை. ஒரு மேசையும் ஒரு மூலையும் போதும் அவருக்கு.

பெரிய பிள்ளை என்றால் கென்ஜி இவாயிசாவாவின் ‘ஒன்காகு’ (2019). ஆட்களை நடிக்க வைத்துப் படம் பிடித்து, அதன்மேல் கையால் கீறினார்கள். 40,000க்கு மேற்பட்ட படங்கள், ஏழு வருடத்துக்கு மேல் வேலை. முகங்கள் மிக எளிமையானவை. ஒருவன் பதில் சொல்லாமல் சும்மா நிற்கிற நேரம் அதில் நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் அவன் தோளைப் பாருங்கள். மசாக்கி யுவாசாவின் ‘மைன்ட் கேம்’ (2004) துணிச்சலான படம், ஆனால் வளர்ந்தவர்களுக்குரியது. அதை நீங்கள் முதலில் பாருங்கள்.

கேள்வி: சிரட்டைக்கரியால் கீறலாமா ரீச்சர்? தாள் கிழிகிறது.
– மாணவி, கோப்பாய்

பதில்: சிரட்டைக்கரி கடினம், அதுதான் கிழிக்கிறது. வேலியில் நிற்கிற பூவரசின் காய்ந்த குச்சிகளைப் பென்சில் தடிப்பில் எடுத்துப் பட்டையை உரியுங்கள். பால்மாப் பேணியில் நெருக்கமாக அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு ஓட்டை போட்டு அடுப்பில் வையுங்கள். வீட்டில் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். ஓட்டையால் வரும் புகை நின்றதும் இறக்கிவிடலாம். முழுக்க ஆறும் வரை மூடியைத் திறக்க வேண்டாம். சூட்டோடு காற்றுப் பட்டால் குச்சி சாம்பலாகிவிடும்.