கடலில் முடியும் பனியாறுகள் கோடையில் அதிகம் உடைவது ஏன்?

"வெயிலில் உருகுவதால்தானே?" என்று கேட்கத் தோன்றும். பாதிதான் சரி. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இலுலிசாட் அருகே கடலில் இறங்கும் யாகோப்ஸாவ்ன் பனியாற்றைப் பாருங்கள்.

குளிர்காலத்தில் அதன் முகப்புக்கு முன்னால் உடைந்த பனிக்கட்டிகளும் கடற்பனியும் சேர்ந்து இறுகிவிடுகின்றன, கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதுபோல. பின்னாலிருந்து பனி வந்துகொண்டே இருக்கும்; முனையோ உடையாது. ஆகவே பனியாறு கிலோமீட்டர் கணக்கில் முன்னே நீள்கிறது. வெப்பம் ஏறித் தாழ்ப்பாள் கழன்றதும், நீண்ட பகுதி முழுவதும் மடமடவென்று சரிகிறது.

எனக்கு மிகவும் வியப்பளிப்பது அடியில் நடப்பதுதான். மேற்பரப்பில் உருகிய நீர் விரிசல்கள் வழியே அடித்தளத்தை அடைந்து, கடல்மட்டத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் கீழே வெளியேறுகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்ததல்லவா? அது முகப்பை ஒட்டி விறுவிறுவென மேலெழும்போது, ஆழத்திலுள்ள வெதுவெதுப்பான கடல்நீரையும் இழுத்து வருகிறது. வெதுவெதுப்பு என்றால் குளிக்கும் சூடு அல்ல, உறைநிலைக்குச் சில டிகிரி மேலே, அவ்வளவுதான். பனியின் காலை அரிக்க அது போதும். கால் போனால் மேலே தொங்குவது விழும்.

2012 கோடையில் இந்தப் பனியாறு நாளொன்றுக்குச் சுமார் 46 மீட்டர் நகர்ந்தது. 2016க்குப் பின் அங்கே கடல்நீர் சற்றுக் குளிர்ந்தபோது வேகம் தணிந்து, முனை மீண்டும் முன்னேறியது. பருவத்தாளம் மட்டும் அப்போதும் நிற்கவில்லை.