கேளுங்க சொல்றோம்: பிரிட்டிஷ்காரர்களின் வசவுகள்

கே: பிரிட்டிஷ் சீரியல்களில் ஆளுக்காள் 'பெர்க்' என்று திட்டிக்கொள்கிறார்கள். முட்டாள் என்று பொருளாம். எப்படி உச்சரிப்பது, எங்கிருந்து வந்தது?
- வாசகி, திண்டுக்கல்

ப: 'பர்த்டே'யில் வருகிற அதே 'பர்', ஆக, 'பர்க்'. வந்த வழிதான் கொஞ்சம் வில்லங்கம். கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்களான காக்னிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு: சொல்ல வேண்டிய சொல்லுக்குப் பதிலாக அதோடு ஓசை ஒத்த ஒரு தொடரைப் போடுவார்கள், அப்புறம் ஓசை ஒத்த பாதியையே கழற்றிவிடுவார்கள், வெளியாள் திருதிருவென்று முழிப்பான். மாடிப்படியான 'ஸ்டேர்ஸ்' முதலில் 'ஆப்பிள்ஸ் அண்டு பேர்ஸ்' ஆகி, கடைசியில் வெறும் 'ஆப்பிள்ஸ்' ஆனது இப்படித்தான். குளோஸ்டர்ஷயரில் 'பார்க்லி ஹன்ட்' என்று ஒரு நரிவேட்டைக் குழு. 'ஹன்ட்' எதோடு ஒத்துப்போகிறது என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது, பெண்ணுறுப்பைக் குறிக்கும் மகா கெட்ட வார்த்தை. அந்தப் பாதியை வெட்டி மீதியையும் நறுக்கினால் நம்ம 'பர்க்'. ஊரைப் 'பார்க்லி' என்பவர்கள் வசவை மட்டும் 'பர்க்' என்பது வேடிக்கைதான். நாம் 'கிளர்க்' என்னாமல் 'கிளார்க்' என்பதும் அந்தப் 'பார்க்லி' உச்சரிப்பின் வழியில்தான். அமெரிக்கர்கள் இரண்டையுமே 'அர்' என்றுதான் சொல்வார்கள்.

கே: பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் 'ஜிட்' என்று திட்டக் கூடாதாமே?
- வாசகர், காரைக்குடி

ப: 'ஜிட்' இல்லை சார், 'கிட்' (git), 'கிஃப்ட்'டில் வருகிற 'கி'. மட்டமான ஆள் என்று பொருள். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 'கெட்' என்றால் பெற்ற பிள்ளை, அதிலும் முறை தவறிப் பிறந்த பிள்ளை. அதன் திரிபு இது. லிவர்பூல் பக்கம் இன்றும் 'கெட்' என்றே திட்டுவார்கள். அவைக்கு ஆகாது என்று சபாநாயகர்கள் தடுத்த சொற்களில் இதுவும் உண்டு, அயோக்கியன் என்று பொருள்படும் 'பிளாகார்ட்'டும் உண்டு. எழுத்துக்கூட்டிப் படித்து 'பிளாக் கார்ட்' என்றால் மாட்டிக்கொள்வீர்கள், நடுவில் 'க்' காதில் விழக் கூடாது. 16-ஆம் நூற்றாண்டில் பெரிய மாளிகைகளில் சட்டி பானை கழுவிச் சுமந்த அடிமட்ட வேலைக்காரர்களை 'பிளாக் கார்ட்', அதாவது 'கறுப்புக் காவல்படை' என்றார்கள். பாவம், கரி படிந்தது அவர்கள் மேல், வசவாகி நின்றதும் அவர்கள் பெயர்தான்.

கே: மகன் லண்டனில் படிக்கிறான். நண்பர்களைச் செல்லமாகத் திட்ட எது சரி?
- வாசகர், நாகர்கோவில்

ப: முட்டாள் என்று பொருள்படும் 'பிராட்' (prat) வேண்டாம், பழைய திருடர் பாஷையில் அது பிட்டம். அசடு என்று பொருள்படும் 'ட்விட்' (twit) போதும். குறை சொல்வது, சீண்டுவது என்ற வினையோடு சேர்ந்த சொல், அதில் எந்த உறுப்பும் ஒளிந்திருக்கவில்லை.