கோடையில் கருகும் பீன்ஸ்

கேள்வி: பண்ணைக்காட்டில் அரை ஏக்கரில் பீன்ஸும் முட்டைக்கோஸும் பயிரிட்டுள்ளேன். ஊற்றுநீர் குறையும் கோடையில் போர்த் தண்ணீரை ஸ்பிரிங்க்ளரில் விடுகிறேன். பரிசோதனையில் ஊற்றுநீரின் இ.சி. (உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், டெசிசீமன்ஸ்/மீட்டரில்) 0.1, போர்த் தண்ணீரின் இ.சி. 1.5. பீன்ஸ் இலையோரம் கருகுகிறது. கோஸ் நன்றாக இருக்கிறது. ஜிப்சம் போடலாமா?

பதில்: இ.சி. 1.5 என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு. உங்கள் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் பாய்ச்சினாலே சுமார் 20 கிலோ உப்பு மண்ணில் இறங்குகிறது. பயிர் நீரை மட்டும் உறிஞ்சிக்கொண்டு உப்பின் பெரும்பகுதியை விட்டுவிடுவதால், வேர்ப்பகுதி மண்சாற்றின் இ.சி. நாளடைவில் நீரைப்போல் ஒன்றரை மடங்கு, அதாவது 2.25 வரை ஏறக்கூடும். அந்நிலையில் மண் ஈரமாக இருந்தாலும் வேரால் நீரை எளிதில் இழுக்க முடியாது; இதனால் நண்பகலில் செடி துவளவும் கூடும்.

மண்சாற்றின் இ.சி.யில் பீன்ஸ் தாங்கும் எல்லை 1.0, அதற்கு மேல் ஒவ்வோர் அலகுக்கும் மகசூல் 19 சதவீதம் குறையும் என்பதால், உங்களுக்குக் கால்பங்கு இழப்பு வரலாம். கோஸின் எல்லை 1.8 என்பதால் அதற்கு 4 சதவீதமே குறையும். கேரட்டும் பீன்ஸைப்போல் மென்மையானது, பீட்ரூட்டோ 4.0 வரை தாங்கும். கோடைப் போகத்துக்குப் பீட்ரூட்டையே நான் பரிந்துரைப்பேன்.

பீன்ஸை விட மனமில்லையெனில், கிடைக்கும் ஊற்றுநீரைத் தொட்டியில் போர்த் தண்ணீருடன் சரிபாதி கலந்தால் நீரின் இ.சி. 0.8 ஆகிவிடும், மண்சாற்றில் அது 1.2 வரையே ஏறும் என்பதால் இழப்பும் 4 சதவீத அளவுக்குச் சுருங்கும். ஸ்பிரிங்க்ளரை உச்சிவெயிலில் ஓட்டவே வேண்டாம், இலைமேல் காயும் துளியிலிருந்து சோடியமும் குளோரைடும் நேரே இலைக்குள் புகுகின்றன. சொட்டுநீர் நல்லது, ஆனால் ஈரவட்டத்தின் விளிம்பில் வெண்மையாகப் பூக்கும் உப்பை முதல் சிறுதூறல் வேருக்குத் தள்ளிவிடும் என்பதால், தூறும்போது சொட்டுநீரை நிறுத்தாதீர்கள்.

ஜிப்சம் சோடியத்தை வெளியேற்ற உதவுமே தவிர, மொத்த உப்பைக் குறைக்காது. அதுவும் ஓர் உப்புதான். எனவே நீரில் சோடியம் விகிதத்தையும் பார்த்த பிறகே முடிவெடுங்கள். சாம்பல்சத்துக் குறைவிலும் முதிர்ந்த இலையோரம் இப்படியே கருகும் என்பதால், பார் ஓரத்தில் வெண்படிவு உள்ளதா என்று பாருங்கள்; இருந்தால் உப்பே காரணமாக இருக்கலாம். சாம்பல்சத்து தேவைப்பட்டால், குளோரைடு கொண்ட மூரியேட் பொட்டாஷைத் தவிர்த்து, சல்பேட் ஆஃப் பொட்டாஷ் இடுங்கள்.